வாசலில் கழற்றிய தொப்பி

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஆகஸ்ட் 18

என் பிரியமான மகள் ஜோவிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் ஒருத்தன், ஒருத்தனுக்கு எவ்வளவு சுகம் வேண்டுமோ அவ்வளவு சுகத்தை ஆண்டவர் கொடுத்திருக்கிறார். மான்செஸ்டரில் நீயும் ஜோயலும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் ஜன்னலைத் திறக்கும்போதே கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்க இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன், மாத்திரை போட்டீங்களா என்கிறாய், போட்டேன் என்கிறேன், டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய். ஜனவரியிலிருந்து இதே பேச்சுதான். உன் வார்டில் படுத்திருக்கிற வெள்ளைக்காரக் கிழவனிடம் கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவாய் என்று நினைக்கிறேன். நான் குறை சொல்லவில்லை, எனக்கும் போனில் பேச வரவில்லை. முப்பத்தொரு வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவனுக்கு உத்தரவு போடத்தான் வரும், மன்னிப்புக் கேட்க வராது, அதற்குக் காகிதம்தான் தோதுப்படுகிறது. பாதியில் நீ வைத்துவிடவும் முடியாது.

வீட்டு விஷயம் சொல்கிறேன். மழை நன்றாகப் பெய்கிறது, பின்பக்கச் சுவரில் மறுபடியும் ஈரம் ஏறிவிட்டது, அம்மா படம் மாட்டியிருந்த ஆணியைச் சுற்றிப் பூசணம் பிடித்ததால் படத்தை எடுத்து டைனிங் டேபிளில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன். அதனால் சாப்பிடும்போது எதிரில் கேரல் இருக்கிறாள், நாலு வருஷத்துக்குப் பிறகு சேர்ந்து சாப்பிடுகிறோம். பாஞ்சாலி காலையில் வந்து சமைத்து, பெருக்கிவிட்டுப் பத்து மணிக்குப் போய்விடுவாள், அதற்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் இந்த வீட்டில் பேசுகிறது டி.வி. மட்டும்தான், கன்னடச் செய்தி, தமிழ்ச் செய்தி இரண்டையும் ஒன்றுவிடாமல் கேட்கிறேன், எதுவும் மனதில் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்குப் போனால் கால் கிலோ போடச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரைக் கிலோ வாங்கிவந்து புதன்கிழமை வரைக்கும் சுடவைத்துச் சுடவைத்துச் சாப்பிடுகிறேன். நம் சர்ச் மௌரீன் ஆண்டிக்கு முழங்கால் வலி அதிகமாகி ஆபரேஷன் என்கிறார்கள். சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

கல்யாணக் கார்டு போன மாதம் இருபத்தி மூன்றாம் தேதி வந்தது. அக்டோபர் இருபத்தி ஆறு என்று உன் பெயரையும் ஜோயல் பெயரையும் பொன் எழுத்தில் பார்த்தபோது ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் இன்னொரு தடவை படித்தேன். கூடவே அந்த வெள்ளைச் சாட்டின் தொப்பி, ஜோயல் வீட்டு யூத வழக்கப்படி ஆண்கள் உச்சந்தலையில் வைக்கிறது, உள்பக்கம் உங்கள் இரண்டு பேர் பெயரும் தேதியும் அச்சடித்து. கடிதம் இருக்குமா என்று கவரைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. இதைத் தலையில் வைக்க மனசு இருந்தால் வாங்கப்பா, இல்லாவிட்டால் வரவேண்டாம், அங்கேயும் நீங்கள் யார் தொப்பியையாவது பிடுங்கினால் என்னால் தாங்க முடியாது என்று எழுதியிருந்தாய். உன் கையெழுத்துதான், ஆனால் கோபம் என்னுடையது, அதை நீ எங்கே வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். இன்றோடு இருபத்தி ஆறு நாள் ஆகிறது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கான பதில்தான் இது.

முதலில் டிசம்பர் கடைசி ஞாயிறு நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், இதுவரைக்கும் நான் சொன்னதே இல்லை. சர்ச் வாசலில் நிற்கிற வேலை எனக்கு இருபத்தெட்டு வருஷமாக. பாட்டுப் புத்தகம் கொடுப்பேன், வயசானவர்களைக் கைப்பிடித்து ஏற்றுவேன், பைக்கில் வருகிறவன் ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்தால் வாங்கிப் பலகையில் வைப்பேன், தொப்பியோ மப்ளரோ மங்கி கேப்போ ஆண்பிள்ளை தலையில் எது இருந்தாலும் கழற்றச் சொல்வேன், சொல்லிக் கேட்காத பொடியன்கள் தலையிலிருந்து நானே எடுத்துவிடுவேன். ஆண்டவர் சந்நிதியில் ஆம்பளை தலை திறந்திருக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அன்றைக்கு நீ பெண்கள் பக்கத்து வாசலில் போய்விட்டாய். ஜோயல் படியேறி வந்தார், வெறுந்தலையாகத்தான் வந்தார், எனக்குத் திருப்தியாக இருந்தது. வாசலண்டை வந்ததும் நின்று சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நீலத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கிளிப் குத்திக்கொண்டார். என் கண்ணெதிரே, என் வாசலில். எனக்கு என்ன தோன்றியது என்றால் ஒன்றும் தோன்றவில்லை, கை தானாகப் போய்விட்டது. கிளிப்பைக் கவனிக்காமல் இழுத்துவிட்டேன், இரண்டு மூன்று முடியும் சேர்ந்து வந்தது. அவர் ஆ என்று கூடச் சொல்லவில்லை, சாரி அங்கிள் என்றார். தொப்பியைக் கொண்டுபோய் ஹெல்மெட் பலகையில் வைத்தேன். பின்னாலிருந்து நாலு பேர் பார்த்தார்கள், டென்சில் மாஸ்டர் வருங்கால மருமகனுக்குக் கூடச் சலுகை கொடுக்கவில்லை என்று பார்க்கட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதனை முழுக்க வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டே இருந்தார். பாட்டுக்கு எழுந்தபோதும் கை தலையில், ஜெபத்துக்குக் குனிந்தபோதும் கை தலையில். மௌரீன் ஆண்டி பாவம் தலைவலி என்று நினைத்து நடுப்பாதையைத் தாண்டிக் கை நீட்டித் தைலம் கொடுத்தாள், அவர் அதையும் வாங்கிக்கொண்டு தேங்க்யூ ஆண்டி என்றார். இடது கையில் தைலப் புட்டி, வலது கை தலையில், ஒன்றே முக்கால் மணி நேரம். வெளியே வந்து நீ அவர் தலையைப் பார்த்தாய், பலகையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் பெட்டி கட்டினாய். இன்னும் இரண்டு நாள் இருக்கவேண்டியவர்கள் ஏர்போர்ட் பக்கத்தில் ரூம் எடுத்துப் போய்விட்டீர்கள். உனக்காக ஊறவைத்திருந்த இட்லி அரிசியைப் பாஞ்சாலிதான் அரைத்தாள், ஒருத்தனுக்கு எத்தனை இட்லி என்று கேட்டாள்.

கார்டு வந்து இரண்டு நாள் கழித்து இன்னொரு கவர் வந்தது. இது உனக்குத் தெரியாது, தெரிந்து நீ அவரிடம் சண்டை போடாதே. ஜோயல் இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதியிருந்தார். ஜோவிதா சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அங்கிள், தொப்பி போடாமல் வெறுந்தலையோடு வந்தாலும் நானும் என் அம்மாவும் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டு போவோம், ஆனால் அது என்ன என்று தெரிந்துகொண்டு முடிவு செய்தால் எனக்குச் சந்தோஷம் என்று ஆரம்பிக்கிறது கடிதம். எவ்வளவு நயமான எழுத்து, நீயும் நானும் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் அப்படி எழுதமாட்டோம். அதில் இருந்ததை உனக்குச் சொல்கிறேன், உனக்குப் பாதி தெரிந்திருக்கலாம், இருந்தாலும் நான் புரிந்துகொண்டேன் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும். அந்தத் தொப்பிக்குக் கிப்பா என்று பெயராம், கிப்பா என்றால் குவிமாடம் என்று அர்த்தமாம், நம் ஊர் மசூதி மேலே இருக்கிறதே அந்த மாதிரி கவிழ்ந்த வடிவம். அவர் அம்மா வீட்டில் யார்முல்கா என்று இன்னொரு பெயர் சொல்வார்களாம், ராஜாவுக்கு அஞ்சுவது என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அவர்களுக்குள் ஒரு கதை, அதெல்லாம் இல்லை, போலந்துப் பக்கத்தில் தொப்பிக்கு இருந்த பழைய வார்த்தைதான் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் தலையை மூடு என்று எல்லாருக்கும் போட்ட கட்டளை அவர்கள் வேதத்தில் நேராக எங்கேயும் இல்லையாம். அந்தக் காலத்தில் ஆலயத்தில் பணி செய்த ஆசாரியர்களுக்கு மட்டும்தான் தலைப்பாகை. மற்றவர்களுக்கு வழக்கமாக வந்து, மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, பல நூறு வருஷம் கழித்துத்தான் சட்டம் மாதிரி ஆகியிருக்கிறது. தலைக்கு மேலே தெய்வம் இருக்கிறது என்று சொல்லி வெறுந்தலையோடு நாலு முழம் கூட நடக்கமாட்டேன் என்ற ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் இருந்தாராம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் சில சபைகளில் பக்கத்துக் கிறிஸ்தவர்களைப் பார்த்து, நாமும் நாகரிகமாக இருப்போம் என்று தொழும்போது தொப்பியைக் கழற்றியும் பார்த்திருக்கிறார்களாம், அப்புறம் பேரப்பிள்ளைகள் காலத்தில் பலர் மறுபடியும் போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு கதையும் எழுதியிருந்தார், அது பழைய காலத்திலிருந்து வருகிற கதையாம். ஒரு தாயிடம் உன் மகன் திருடனாவான் என்று ஜோசியர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் என்ன செய்தாள், மகனே தலையைத் திறந்து வைக்காதே, மேலே இருக்கிறவருக்குப் பயந்திரு என்று சொல்லி எப்போதும் துணியால் மூடிவிட்டாள். பையன் வளர்ந்து படித்துப் பெரிய ஆளாகிவிட்டான், அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்றே அவனுக்குத் தெரியாது. ஒருநாள் யாருடையதோ பேரீச்சை மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது தலைத்துணி நழுவி விழுந்தது, நிமிர்ந்து பழத்தைப் பார்த்தான், அடக்க முடியாமல் மரமேறிப் பல்லாலேயே குலையைக் கடித்துப் பறித்தான். படித்தபோது எனக்குக் கேரல் ஞாபகம் வந்தது. பெங்களூர் பனி உடம்புக்கு ஆகாது என்று பத்து வயசு வரைக்கும் உன்னைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டாமல் அவள் ஸ்கூலுக்கு விட்டதே இல்லை, நீ பஸ் ஸ்டாப்பில் அவிழ்த்துவிடுவாய், அதுவும் அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு ஞாயிறு வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்தேன். இடது பக்கம் பெண்கள், எல்லார் தலையிலும் முக்காடு. வலது பக்கம் ஆண்கள், எல்லார் தலையும் திறந்து. பாதிச் சர்ச் தலையை மூடி மரியாதை செய்கிறது, பாதிச் சர்ச் தலையைத் திறந்து மரியாதை செய்கிறது, இரண்டையும் ஒரே ஆண்டவர்தான் வாங்கிக்கொள்கிறார். இருபத்தெட்டு வருஷமாக அதே இடத்தில் நின்றும் என் கண்ணுக்கு அது படவில்லை பார். கீமோ கொடுத்து முடியெல்லாம் கொட்டியபோது உங்கம்மா அந்த முக்காட்டுக்குள்தான் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள், சர்ச் சட்டம் எனக்கு உதவி செய்த ஒரே சமயம் இதுதான் என்று சிரிப்பாள். அவள் இருந்திருந்தால் அன்றைக்கே என் கையில் ஒரு அடி போட்டிருப்பாள், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். இப்போது என்னைத் திட்ட ஆள் இல்லை ஜோ, அதுதான் இந்த வீட்டில் இருக்கிற பெரிய குறை.

லாயிட் மாமாவிடம், உன் கல்யாணத்துக்குப் போகப்போகிறேன் என்றேன். அக்கா பெண் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வராமல் இருக்க முடியாதே என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் குதித்தார். வேற மார்க்கத்துத் தொப்பியை வைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ சபை முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும், வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசினவர் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் அடுத்த வாரமே வாசல் வேலையை விட்டுவிட்டேன் என்று சர்ச் போதகர் ஐயரிடம் சொல்லிவிட்டேன். இப்போது ஆண்ட்ரூ நிற்கிறார். எனக்கு அது பெரிய விஷயம்தான், ஏனென்றால் வாரத்தில் ஒருநாள் இருநூறு பேர் என் கையைப் பிடித்து நல்லாயிருக்கீங்களா மாஸ்டர் என்று கேட்கிற இடம் அது ஒன்றுதான். இப்போது நானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன், சில ஞாயிறு யாரும் எதுவும் கேட்காமலே வீடு வந்து சேர்ந்துவிடுகிறேன். மாமா கோபம் ஆறும், நீயே ஒரு போன் போட்டுக் கூப்பிடு, நீ கூப்பிட்டால் வருவார்.

தொப்பியை வீட்டில் போட்டுப் பழகிப் பார்த்தேன், அதையும் சொல்லவேண்டும். எனக்குத்தான் தலையில் கிளிப் குத்த ஒரு முடி இல்லையே. சாட்டின் வேறு, வழுக்கையில் நிற்காமல் நடுக்கூடத்தில் நாலு தடவை வழுக்கி விழுந்தது. பாஞ்சாலி பார்த்துவிட்டு, ஐயா இன்னா பாய்ங்க தொப்பியாட்டம் கீது, எங்க போறீங்க என்று கேட்டாள், பொண்ணு கல்யாணத்துக்கு என்றேன், அவளே உள்பக்கம் பழைய வெல்வெட் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். இப்போது குனிந்தாலும் நிற்கிறது. உங்கள் பெயரும் தேதியும் மட்டும் துணிக்கு அடியில் போய்விட்டது. அந்தத் தொப்பியோடு டேபிளில் உட்கார்ந்து சாப்பிட்டேன், எதிரில் உங்கம்மா. என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை, சிரித்திருப்பாள்.

ஜோயலுக்குப் பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், நான்கு வரிதான், என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன், அன்றைக்கு ஏன் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள், அது தொப்பிக்குப் பதிலா என்று. போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. இல்லை அங்கிள், சொந்தக் கை கணக்கில் சேராது என்று எங்கள் பெரியவர்கள் பலர் சொல்வார்கள், அது நம் உடம்பில் ஒரு பாகம்தானே, தன்னைத் தானே மூடிக்கொள்ள முடியாது, அது தெரிந்தும் வெறுமனே உட்கார மனசு வராமல் வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி, இன்னொருவர் கையை நம் தலையில் வைத்தால் அது சேரும், தொப்பிக்குச் சமம்.

ஜோ, நான் அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன். ஒரு கை தூரம் கூட இருக்காது. நீ பெண்கள் பக்கத்தில் இருந்தாய், உன் கை எட்டாது. அந்தச் சர்ச்சில் அவருக்குத் தெரிந்த ஆம்பளை நான் ஒருத்தன்தான், என் இரண்டு கையும் ஒன்றே முக்கால் மணி நேரம் சும்மா இருந்தது. எத்தனையோ பிள்ளைகள் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறேன், நீ பிளேன் ஏறின அன்றைக்கு உன் தலையிலும் வைத்தேன். அந்த வரியை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன். அதனால் இப்போது உன்னிடம் கேட்கிறேன், உத்தரவு இல்லை, கேட்கிறேன். என்னை வரவிடு. உங்கள் ஜெப ஆலயத்துத் தோட்டத்தில் நாலு கம்பு நட்டுத் துணி கட்டிய பந்தலுக்குக் கீழே பெற்றவர்கள் நிற்பார்கள் என்று சொன்னாயே, அங்கே அம்மா இடத்துக்கும் சேர்த்து நான் நிற்கிறேன், தொப்பி போட்டுக்கொண்டுதான் நிற்பேன். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை தலையில் ஒரு நிமிஷம் என் கையை வைத்துக்கொள்கிறேன். அவர் தலையில் அன்றைக்குத் தொப்பி இருக்கும், என் கை தேவைப்படாது, எனக்குத் தெரியும். எனக்குத் தேவைப்படுகிறது.

இடுப்பு வலியைக் கவனி, நோயாளியைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். குளிர் ஆரம்பிக்கும்முன் கோட்டு வாங்கிவிடு. ஜோயலின் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அம்மா கல்யாணத்துக்குக் கட்டின வெள்ளைப் புடவையைத் துவைத்து நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சொல், வேண்டாம் என்றாலும் எடுத்து வருகிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் இரண்டு பேர் வீட்டையும் ஒரே வீடாக நிறைத்து ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் ஒரு வரி போடு. வா என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அது வரும்வரைக்கும் நான் டிக்கெட் எடுக்கமாட்டேன்.

உன் அப்பா,
டென்சில்